நாய்களுக்குச் சிலை வைத்த விஞ்ஞானி

சுவரில் மாட்டியிருக்கும் சங்கிலியைக் கையில் எடுத்ததும் வீட்டு நாய் துள்ளிக் குதிக்கிறது. டீக்கடைக்காரர் கண்ணாடி ஜாடியைத் திறக்கும் சத்தம் கேட்டால் போதும், தெரு நாய் பொறைக்காக ஓடி வந்து நிற்கிறது. ஒரு முறை ஊசி போட்டுக்கொண்ட நாய், அடுத்த முறை கால்நடை மருத்துவமனை வாசலிலேயே காலை ஊன்றிக்கொண்டு உள்ளே வர மறுக்கிறது.

நாயோடு பழகிய எல்லோரும் கண்ட காட்சிகள்தான் இவை. இவை எப்படி நடக்கின்றன என்று சொட்டுச் சொட்டாக அளந்து பார்த்து உலகத்துக்குச் சொன்னவர் ரஷ்ய நாட்டு விஞ்ஞானி இவான் பாவ்லோவ்.

நாயை அடிக்காமல், மிரட்டாமல் பழக்க வேண்டும் என்று இன்று நிபுணர்கள் சொல்கிறார்கள். அந்த முறைக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் பாவ்லோவ் முக்கியமானவர். அதே பாவ்லோவின் ஆய்வுக் கூடத்தில் ஏராளமான நாய்கள் அறுவைக் கத்திக்கு உட்பட்டன என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த மனிதரைப் புரிந்துகொள்ள முடியும்.

பாதிரியார் வீட்டுப் பிள்ளை

மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே உள்ள ரியாசான் என்ற ஊரில் 1849-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் பாவ்லோவ் பிறந்தார். தந்தை அந்த ஊர் மாதா கோவிலில் பாதிரியார். பெரிய குடும்பம். வருமானம் சொற்பம். பாதிரியாரே மண்வெட்டி பிடித்துத் தோட்டத்தில் காய்கறி பயிரிடுவார். மூத்த பிள்ளையான இவானும் கூடவே வேலை செய்வான்.

சிறு வயதில் உயரமான இடத்திலிருந்து கல் தரையில் விழுந்து இவானுக்குப் பலத்த அடி பட்டது. உடல் தேற வெகு காலம் ஆயிற்று. மற்றப் பிள்ளைகளைப் போல உரிய வயதில் பள்ளிக்கூடம் போக முடியவில்லை. பதினோரு வயதில்தான் பள்ளியில் சேர்ந்தான்.

பாதிரியார் மகன் பாதிரியாராக வேண்டும் என்பது அந்தக் காலத்து வழக்கம். பாவ்லோவும் அதற்கான கல்லூரியில் சேர்ந்து படித்தார். அப்போது செச்செனோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி மூளையின் செயல்களைப் பற்றி எழுதிய நூல் அவர் கைக்குக் கிடைத்தது. அது அவர் வாழ்க்கைப் பாதையையே மாற்றிவிட்டது. 1870-ம் ஆண்டு பாதிரியார் படிப்பை விட்டுவிட்டு, தலைநகர் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் சென்று பல்கலைக் கழகத்தில் விஞ்ஞானம் படிக்கத் தொடங்கினார்.

வறுமையில் இல்லறம்

1881-ம் ஆண்டு பாவ்லோவுக்கும் செராபிமா என்ற ஆசிரியைக்கும் திருமணம் நடந்தது. குடிப்பதில்லை, சீட்டு ஆடுவதில்லை என்று கணவர் வாக்குக் கொடுத்தார். வீட்டுக் கவலை முழுவதையும் தான் பார்த்துக்கொள்வதாக மனைவி ஒப்புக்கொண்டார். இருவருமே கடைசி வரை அந்த ஒப்பந்தத்தைக் காப்பாற்றினார்கள்.

ஆனால் கையில் காசு இல்லை. தனி வீடு பிடித்துக் குடித்தனம் நடத்தவும் வழியில்லாத காலம் உண்டு. தம்பி டிமிட்ரியின் வீட்டில் தங்கினார்கள். மனைவி வேறு ஊரில் உறவினர் வீட்டிலும், கணவர் ஆய்வுக் கூடத்திலுமாகப் பிரிந்து வாழ்ந்த நாட்களும் உண்டு. முதல் ஆண் குழந்தை சிறு வயதிலேயே இறந்து போனது.

பாவ்லோவின் நிலையைப் பார்த்த மாணவர்கள், இதய நரம்புகள் பற்றிச் சொற்பொழிவு நடத்தும்படி அவரைக் கேட்டுக்கொண்டார்கள். அதைச் சாக்காக வைத்துத் தங்களுக்குள் பணம் திரட்டி அவரிடம் கொடுத்தார்கள். குடும்பச் செலவுக்கு உதவட்டும் என்பது அவர்கள் எண்ணம். அவரோ அந்தப் பணத்தில் ஆய்வுக்கு வேண்டிய பிராணிகளை வாங்கிவிட்டார்!

நிலையான பேராசிரியர் பதவி 1890-ம் ஆண்டுதான் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது நாற்பது. அடுத்த ஆண்டு, புதிதாகத் தொடங்கப்பட்ட பரிசோதனை மருத்துவ நிலையத்தில் ஒரு துறைக்குத் தலைவரானார். பிறகு சாகும் வரை, 45 ஆண்டுகள், அந்தப் பொறுப்பில் இருந்தார்.

1893-ம் ஆண்டு அந்த நிலையத்துக்கு ஒரு கோடீஸ்வரர் 10,000 ரூபிள் நன்கொடை அனுப்பினார். அந்தப் பணத்தில் பாவ்லோவின் ஆய்வுக் கூடம் விரிவாக்கப்பட்டது. நன்கொடை அனுப்பியவர் ஆல்பிரட் நோபல். அவர் பெயரால் அமைந்த பரிசைப் பதினோரு ஆண்டுகளுக்குப் பின் பாவ்லோவே பெறப் போகிறார் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

அறுவை மேஜையில்

உணவு எப்படிச் செரிக்கிறது என்பதே பாவ்லோவின் முதல் ஆராய்ச்சி. அந்தக் காலத்தில் விஞ்ஞானிகள் பிராணியை அறுத்து, அது உயிர் விடுவதற்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்துவிடுவார்கள். வேதனையில் துடிக்கும் உடம்பிலிருந்து இயற்கையான செயலை எப்படி அறிய முடியும் என்று பாவ்லோவ் யோசித்தார்.

அவர் வேறு வழியில் போனார். மனிதர்களுக்குச் செய்வது போலவே நாய்க்கு மயக்க மருந்து கொடுத்து, கிருமி அண்டாதபடி அறுவை செய்தார். வயிற்றிலிருந்தோ கன்னத்திலிருந்தோ சுரப்பு நீர் வெளியே வரும்படி சிறு வழி அமைத்தார். புண் ஆறி, நாய் தேறி, ஓடியாடத் தொடங்கிய பிறகே சோதனை நடக்கும். அப்படிப்பட்ட நாய்கள் பல ஆண்டுகள் உயிரோடு இருந்தன. பாவ்லோவ் கைதேர்ந்த அறுவை நிபுணர். இடது கைப் பழக்கம் உள்ளவர். இரண்டு கைகளாலும் கத்தி பிடிப்பார்.

வயிற்றின் ஒரு பகுதியை மட்டும் தனிப் பையாகப் பிரிக்கும் அறுவை மிகக் கடினமானது. பல நாய்கள் இறந்த பிறகே அது கைகூடியது. வெற்றி தந்த நாயின் பெயர் துருஷோக். ரஷ்ய மொழியில் குட்டி நண்பன் என்று பொருள்.

இந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து 1897-ம் ஆண்டு நூல் வெளியிட்டார். 1904-ம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. நோபல் பரிசு பெற்ற முதல் ரஷ்யர் அவரே. நாயும் மணியும் சேர்ந்த சோதனைக்காகத்தான் அவருக்குப் பரிசு கிடைத்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அது சரியல்ல. பரிசு கிடைத்தது செரிமான ஆராய்ச்சிக்கே.

எச்சில் சொன்ன சேதி

செரிமான ஆராய்ச்சியின்போது ஒரு தொல்லை ஏற்பட்டது. வாயில் உணவு பட்டால் எச்சில் ஊறும். அது இயற்கை. ஆனால் உணவைக் கண்ணால் பார்த்தவுடனேயே நாய்களுக்கு எச்சில் ஊறியது. உணவு கொண்டு வருபவரின் காலடி ஓசை கேட்டாலும் ஊறியது. கணக்கெல்லாம் தப்பிப் போயிற்று.

வேறொருவராக இருந்தால் அந்தத் தொல்லையை ஒதுக்கிவிட்டு மேலே போயிருப்பார். பாவ்லோவ் அதையே பிடித்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. உலகப் புகழ் தந்த செரிமான ஆராய்ச்சியைக் கைவிட்டு, மீதி வாழ்நாள் முழுவதையும் இந்த எச்சில் துளிக்கே கொடுத்தார். 1903-ம் ஆண்டு ஸ்பெயின் நாட்டு மாட்ரிட் நகரில் நடந்த மருத்துவ மாநாட்டில் தமது புதிய பாதையை அறிவித்தார்.

பாட்டுப் பயில்கிறவர்கள் தாளம் தவறாமல் இருக்க மெட்ரோனோம் என்ற கருவியை வைத்துக்கொள்வார்கள். டிக், டிக் என்று ஒரே சீராகத் தட்டும். பாவ்லோவ் அதைத் தட்டவிட்டு, உடனே நாய்க்கு உணவு கொடுத்தார். பல முறை இப்படிச் செய்த பிறகு, டிக் டிக் சத்தத்துக்கே நாயின் எச்சில் சொட்டியது. உணவுக்கு ஊறும் எச்சில் பிறவியிலேயே வருவது. சத்தத்துக்கு ஊறும் எச்சில் பழக்கத்தால் வருவது. உலகம் மணியை மட்டுமே நினைவில் வைத்துக்கொண்டது. உண்மையில் மெட்ரோனோம், ஊதல், விளக்கு வெளிச்சம், தோலில் மெல்லத் தொடுதல் என்று பலவற்றை அவர் பயன்படுத்தினார்.

இன்னொன்றும் கண்டார். சத்தம் முதலில் வர வேண்டும். உணவு அதைத் தொடர வேண்டும். உணவைக் கொடுத்த பின் சத்தம் எழுப்பினால் பழக்கம் சரியாக ஏற்படுவதில்லை. சத்தம் மட்டும் கேட்டு உணவு வராமலே இருந்தால், நாளடைவில் எச்சில் நின்றுவிடும். சில காலம் ஓய்வு கொடுத்துப் பார்த்தால், அடங்கிய பழக்கம் மறுபடி தலை காட்டும்.

வட்டமும் நீள்வட்டமும்

நாயின் மனத்தை நாம் எவ்வளவு வதைக்க முடியும் என்பதைக் காட்டிய சோதனையும் அங்கேதான் நடந்தது. திரையில் வெளிச்ச வட்டம் தெரிந்தால் நாய்க்கு உணவு உண்டு. நீள்வட்டம் தெரிந்தால் இல்லை. நாய் இதை எளிதாகக் கற்றுக்கொண்டது. பிறகு நீள்வட்டத்தைச் சிறிது சிறிதாக வட்டம் போல ஆக்கிக்கொண்டே வந்தார்கள். நீளமும் அகலமும் 9-க்கு 8 என்ற அளவுக்கு நெருங்கியபோது நாயால் வித்தியாசம் காண முடியவில்லை.

அது வரை சாதுவாக நின்ற நாய் ஊளையிட்டது. நெளிந்தது. உடம்பில் பொருத்திய கருவிகளைப் பல்லால் கடித்துப் பிய்த்தது. முன்பு நன்றாகத் தெரிந்த பாடத்தையும் மறந்து போனது. அதை யாரும் அடிக்கவில்லை. எது சரி, எது தவறு என்று புரியாத நிலையே அதை அப்படி ஆக்கிவிட்டது. ஒரே காரியத்துக்கு இன்று கொஞ்சி, நாளை உதைத்தால் வீட்டு நாய் கெட்டுப் போவது ஏன் என்று யோசிக்கிறவர்களுக்கு இந்தச் சோதனை ஒரு பாடம்.

வேறொரு நாய் சோதனைப் பலகையில் கட்டுப்பட்டு நிற்கவே மறுத்தது. எச்சில் விட்டுக்கொண்டே பதறியது. பாவ்லோவ் அதைக் கெட்ட நாய் என்று ஒதுக்கவில்லை. கட்டுப்பாட்டை எதிர்ப்பதும் பிறவிக் குணமே, விடுதலை வேட்கை அது என்று முடிவுக்கு வந்தார். அந்தப் பலகையில் வைத்தே தினமும் உணவு கொடுத்தார்கள். முதலில் சரியாகச் சாப்பிடாமல் மெலிந்த நாய், நாட்கள் செல்லச் செல்ல அங்கே நிம்மதியாக நிற்கப் பழகியது.

எல்லா நாயும் ஒரே மாதிரி அல்ல என்பதையும் அவர் வற்புறுத்தினார். துடிப்பானது, நிதானமானது, முரட்டுத்தனமானது, பயந்த சுபாவம் கொண்டது என்று குணம் பிரித்தார். ஒன்றுக்குப் பொருந்தும் முறை இன்னொன்றுக்குப் பொருந்தாது.

பஞ்சமும் வெள்ளமும்

1917-ம் ஆண்டு ரஷ்யாவில் புரட்சி வந்தது. தொடர்ந்து உள்நாட்டுப் போரும் பஞ்சமும் வந்தன. பாவ்லோவின் நோபல் பரிசுப் பணம் போயிற்று. ஆய்வுக் கூடத்தில் விறகு இல்லை, விளக்கு இல்லை. மனிதர்களுக்கே ரொட்டி கிடைக்காதபோது நாய்களுக்கு எங்கே கிடைக்கும்? நாய்கள் பட்டினியால் செத்தன. எழுபது வயது விஞ்ஞானி, தந்தையிடம் கற்ற தோட்ட வேலையைச் செய்து காய்கறி பயிரிட்டார்.

நாட்டை விட்டுப் போக அனுமதி கேட்டு 1920-ம் ஆண்டு அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதினார். 1921 ஜனவரியில் லெனின் தனி உத்தரவு போட்டு, அவருடைய ஆராய்ச்சிக்கு எல்லா வசதியும் செய்து கொடுக்கச் சொன்னார். பாவ்லோவ் தங்கிவிட்டார். ஆனால் வாய் மூடி இருக்கவில்லை. பாதிரியார்களின் பிள்ளைகளை ராணுவ மருத்துவக் கல்லூரியிலிருந்து நீக்கியபோது, தாமும் பாதிரியார் மகனே என்று சொல்லி அங்கே பேராசிரியர் பதவியை 1924-ம் ஆண்டு ராஜினாமா செய்தார். குற்றமற்றவர்களைக் கைது செய்வதைக் கண்டித்து 1930-களில் ஆட்சியாளர்களுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் காலத்தில் அப்படி எழுதத் துணிந்தவர்கள் மிகச் சிலரே.

1924 செப்டம்பர் 23-ந் தேதி நேவா நதி பெருக்கெடுத்து லெனின்கிராட் நகருக்குள் புகுந்தது. நாய்க் கொட்டடியில் தண்ணீர் ஏறியது. புயல் காற்றுக்கும் அலைக்கும் நடுவே ஊழியர்கள் நாய்களைச் சிறு சிறு கூட்டமாக நீந்த வைத்து ஆய்வுக் கட்டிடத்துக்குக் கொண்டு சேர்த்தார்கள்.

உயிர் பிழைத்த நாய்களில் சில பழையபடி இல்லை. பல மாதம் கற்ற பழக்கங்கள் மறைந்துவிட்டன. அப்படி ஒரு நாயின் அறையில், வழக்கத்துக்கு மாறாக, ஆய்வாளர் கூடவே உட்கார்ந்தார். வேறு சிகிச்சை எதுவும் இல்லை. தெரிந்த மனிதர் பக்கத்தில் இருந்த தைரியத்தில், மறைந்த பழக்கங்கள் திரும்பின. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவர் விலகி இருக்க, நாய் தனியாகவும் தேறியது. ஆனால் கதவின் அடியில் சிறிது தண்ணீர் கசிந்து வரும்படி செய்தபோது, மறுபடி பழைய கலக்கம் வந்துவிட்டது.

பயந்த நாய்க்கு மருந்து எது, பயத்தைத் திரும்பக் கிளறுவது எது என்ற இரண்டும் அந்த ஓர் அறையிலேயே தெரிந்துவிட்டன.

தடியிலிருந்து தின்பண்டத்துக்கு

பாவ்லோவ் வீட்டு நாய்களைப் பழக்கும் வாத்தியார் அல்ல. அவர் கண்ட உண்மையைப் பிறர்தான் வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். அவர் காலத்தில் நாய் பழக்குவது என்றால் கழுத்துப் பட்டையைச் சுண்டி இழுப்பதும் சாட்டையும்தான். ஜெர்மனியின் போலீஸ் நாய்களைப் பழக்கிய கோன்ராட் மோஸ்ட் 1910-ல் எழுதிய நூலிலும் பலவந்தத்துக்குப் பெரிய இடம் உண்டு.

அமெரிக்காவில் ஸ்கின்னர் என்ற மனத்தத்துவ நிபுணர், நல்ல பலன் கிடைத்த செயலைப் பிராணி திரும்பத் திரும்பச் செய்யும் என்று நிரூபித்தார். அவருடைய மாணவர்களான பிரிலண்ட் தம்பதி 1940-களில் இதைத் தொழில் முறையில் செய்து காட்டினார்கள். நாய் சரியாகச் செய்த அதே கணத்தில் ஒரு சிறு ஓசை, உடனே தின்பண்டம். அந்த ஓசைக்கு மதிப்பு வருவது பாவ்லோவ் கண்ட வழியில்தான். கேரன் பிரையர் என்ற அமெரிக்கப் பெண்மணி 1984-ல் எழுதிய நூல் இந்த முறையைப் பொது மக்களிடம் பரப்பியது. 2021-ம் ஆண்டு அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் நடத்தையியல் சங்கம், எல்லா நாய்களுக்கும் பரிசு தந்து பழக்கும் முறையே ஏற்றது என்று அறிவித்தது.

இதை வீட்டில் செய்து பார்க்கப் பணம் வேண்டியதில்லை. பட்டாசுக்குப் பயப்படும் நாய் இருந்தால், தீபாவளிக்கு வெகு நாள் முன்பே தொடங்க வேண்டும். தூரத்தில் கேட்பது போன்ற மெல்லிய வெடிச் சத்தத்தை முதலில் கேட்க வைத்து, உடனே அதற்குப் பிடித்த பண்டத்தைக் கொடுக்க வேண்டும். நாய் பதறாமல் இருந்தால்தான் அடுத்த நாள் சத்தத்தைச் சிறிது கூட்டலாம். பதறினால் குறைக்க வேண்டும். அவசரம் கூடாது.

வெளியே போயிருந்த எஜமான் திரும்பி வந்து, எப்போதோ கிழித்த செருப்புக்காக நாயை அடித்தால் என்ன நடக்கும்? செருப்புக்கும் அடிக்கும் நாயின் மூளையில் முடிச்சு விழுவதில்லை. எஜமான் வருகைக்கும் அடிக்கும் முடிச்சு விழுகிறது. பிறகு அவரைக் கண்டாலே அது பதுங்கும். தப்பு செய்தது தெரிந்துதான் பதுங்குகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

சட்டம் சொல்வது

நம் நாட்டில் பிராணிகளுக்காகப் பாராளுமன்றத்தில் குரல் கொடுத்தவர் நாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல். ராஜ்ய சபை உறுப்பினராக இருந்தபோது அவர் கொண்டு வந்த மசோதாவே, 1960-ம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழி வகுத்தது. நாயை அடித்துத் துன்புறுத்துவது அந்தச் சட்டப்படி குற்றம். எப்போதும் சங்கிலியில் கட்டிப் போட்டு, நடமாட விடாமல் வைத்திருப்பதும் குற்றம். ஆய்வுக் கூடங்களில் பிராணிகளைப் பயன்படுத்துவதற்கும் அதில் தனி விதிகள் உண்டு. பாவ்லோவின் காலத்தில் அப்படிப்பட்ட கட்டுப்பாடு ஏதும் அவருக்கு இல்லை. அவர் செய்த அறுவைகள் சிலவற்றை இன்று எவரும் செய்ய அனுமதி கிடைக்காது.

பட்ட கடன்

1935-ம் ஆண்டு உலக உடலியல் விஞ்ஞானிகளின் மாநாடு லெனின்கிராடிலும் மாஸ்கோவிலும் நடந்தது. 85 வயதுப் பாவ்லோவ் தலைமை வகித்தார். அதே ஆண்டு, அவருடைய ஆய்வு நிலையத்தின் தோட்டத்தில் ஒரு நினைவுச் சின்னம் எழுந்தது. அரசர் சிலை அல்ல, தளபதி சிலை அல்ல. உயர்ந்த பீடத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு நாய். பாவ்லோவின் யோசனைப்படி அமைத்தது அது. மனிதனுக்கு ஆதி காலம் முதல் துணையாக இருந்து, விஞ்ஞானத்துக்கு உயிரைக் கொடுக்கும் பிராணிக்குத் தேவையற்ற வேதனை தரக் கூடாது என்பது அந்தச் சின்னத்தின் கருத்து.

நிமோனியா காய்ச்சல் கண்டு 1936 பிப்ரவரி 27-ந் தேதி பாவ்லோவ் காலமானார். வயது 86.

அவர் நாய்களிடம் அன்பு கொண்டவரா, கொடுமை செய்தவரா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. கணக்குப் பார்ப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. நாய் எதைக் கண்டு மகிழ்கிறது, எதைக் கண்டு நடுங்குகிறது என்று மனிதனுக்குக் கற்றுக் கொடுத்தவை அந்த ஆய்வுக் கூடத்து நாய்கள். கழுத்துப் பட்டையும் சொந்த வீடும் இல்லாத அவை, தெரிந்தோ தெரியாமலோ, பின்னால் பிறந்த நாய்களின் முதுகில் விழ இருந்த அடியைத் தாங்கிக்கொண்டன. அந்தக் கடனைத் தீர்க்க வழி எளிது. நம் வாசலில் வந்து படுக்கும் நாயின் மேல் ஓங்கிய கையைக் கீழே போட்டால் போதும்.